‘மறுகா வாங்க’ சொல்லாத கந்தோர்: அரச டிஜிட்டல் சேவைக் குழுவை ஒரு கிழமை நடத்துவதற்கான முழு வழிகாட்டி

மட்டக்களப்புப் பக்கம் ‘மறுகா’ என்றால் பிறகு, அப்புறம். கந்தோர் கவுண்டரில் அது ‘மறுகா வாங்க’ என்று வெளியே வரும். ஒப்பம் வைக்கிறவர் கூட்டத்துக்குப் போய்விட்டார், சிஸ்டம் வேலை செய்யவில்லை, போட்டோ கொப்பி ஒன்று குறைகிறது, எதுவானாலும் பதில் இதுதான். சொல்கிறவருக்கு ஒரு நொடி. கேட்கிறவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும்.

நான் மாவட்ட மட்டத்தில் ஐந்து பேர் கொண்ட ஒரு சின்னக் குழுவை நடத்துகிறேன். ஒரு ஐ.சி.டி. உத்தியோகத்தர், இரண்டு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், ஒப்பந்தத்தில் ஒரு டெவலப்பர், அப்புறம் நான். கிராம உத்தியோகத்தர் கொடுத்து, பிரதேச செயலாளர் மேலொப்பம் வைக்கும் வதிவிட, நன்னடத்தைச் சான்றிதழ் எந்த மேசையில் கிடக்கிறது என்று காட்டும் சிஸ்டம் எங்கள் முதல் வேலை. ‘உங்களுக்குக் கொம்பியூட்டர் தெரியும்தானே, இதையும் ஒருக்கா பாருங்க’ என்று யாராவது உங்களிடமும் ஒரு குழுவைக் கையில் தந்திருந்தால், இது உங்களுக்கு.

கிழமை தொடங்க முன்

ஒரே ஒரு சேவையைத் தெரிவு செய்யுங்கள். மேலிடம் பத்துக் கேட்கும். ‘முதலில் இது’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதிகம் பேர் வரிசையில் நிற்கிற, ஆனால் சட்டச் சிக்கல் குறைந்த சேவைதான் முதலுக்கு நல்லது. காணிப் பக்கம் முதலில் போகவே போகாதீர்கள்.

அடுத்தது, அந்தச் சேவைக்கு ஒரு எண். எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் ஆப் இறக்கினார்கள் என்பதெல்லாம் படம் காட்ட உதவும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரே அலுவலுக்கு இரண்டாம் தரம் வந்தவர்கள் எத்தனை பேர்? அதை அளக்க மென்பொருள் வேண்டாம். கவுண்டரில் இருப்பவர் ‘இந்த அலுவலுக்கு முதல் தரமா வாறீங்க?’ என்று கேட்டு, ஒரு தாளில் கோடு போட்டால் போதும். அஞ்சாவது கோட்டைக் குறுக்கே போடச் சொல்லுங்கள். இரண்டு கிழமை இப்படி எண்ணிய பிறகுதான் மென்பொருள் எழுதத் தொடங்கவேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு நீங்கள் செய்தது உதவியதா என்று உங்களுக்கே தெரியாது.

இங்கே இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், நிலம் அப்படி. வாவி இந்த மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டாகப் பிரிக்கிறது. மண்முனையில் 2014 இல் பாலம் திறந்தார்கள். அதற்கு முன் அங்கே ‘பாதை’ என்கிற மிதவையில்தான் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் ஏறிக் கடந்தோம். வாகரையில் இருந்து மட்டக்களப்பு டவுனுக்கு வந்து போனால் பகல் முடிந்துவிடும். படுவான்கரையின் உள்ளூர்களில் பொழுது பட்டால் யானைப் பயம். ஆகவே பின்னேரம் மூன்றரைக்குக் கையில் கிடைக்கிற சான்றிதழ், அந்த ஊர்க்காரருக்கு அடுத்த நாள் கிடைப்பது போலத்தான். கொழும்பில் இருந்து வரும் திட்ட அறிக்கையில் யானைக்கு ஒரு நிரல் இருக்காது. அதை நீங்கள்தான் போடவேண்டும்.

நாட்காட்டியையும் பாருங்கள். அநேகமாக மாதத்தில் ஒரு கிழமையைப் போயா (பௌர்ணமி விடுமுறை) வெட்டும். நவம்பரில் இருந்து ஜனவரி வரை மழையும் வெள்ளமும். கிராம உத்தியோகத்தர்கள் முகாமிலும் நிவாரணப் பட்டியலிலும் நிற்பார்கள், அப்போது பயிற்சி வகுப்பு வைத்தால் வெறுங்கதிரைதான். பெரும்போக அறுவடையில் கவுண்டருக்கு ஆண்கள் வருவது குறையும். பாடசாலை அனுமதிக் காலத்தில் வதிவிடச் சான்று கேட்டு வரிசை வாசல் தாண்டும். தேர்தல் அறிவித்தால் மொத்த அலுவலகமும் அந்தக் கடமைக்குப் போய்விடும். புது மாற்றம் எதையும் இந்தக் காலங்களில் வெளியிடாதீர்கள்.

திங்கள்: இருபது நிமிடம், நின்றபடி

எட்டரைக்குக் கையொப்பம் முடிந்ததும் கூடுங்கள். கதிரை வேண்டாம், பிளேன்டீ வேண்டுமானால் இருக்கட்டும். ஒவ்வொருவரிடமும் மூன்றே கேள்வி: போன கிழமை யார் இரண்டு தரம் வந்தார்கள், ஏன்? அதில் எந்தக் காரணத்தை இந்தக் கிழமை நாம் நீக்கலாம்? அதற்கு யாருடைய அனுமதி வேண்டும்? மூன்றாவது கேள்வியை மறந்தால் வியாழக்கிழமை ‘சேர் இன்னும் ஓம் சொல்லல்ல’ என்ற இடத்தில் எல்லாம் நின்றிருக்கும்.

கூட்டம் முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அனுமதிக் கடிதங்களை அனுப்பிவிடுங்கள். ஒரு பக்கம், ஒரு கோரிக்கை, கடைசியில் ‘அங்கீகரிக்கிறேன் / அங்கீகரிக்கவில்லை’ என்று இரண்டு கட்டம். கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்பினால் அது ‘கதைக்கவும்’ என்ற ஒரு சொல்லோடு திரும்பி வரும். கட்டம் போட்ட கடிதத்தில் பேனாவை வைத்தவருக்கு ஏதோ ஒன்றில் கோடு போடாமல் எடுக்கக் கை வராது.

செவ்வாய்: கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாள்

இந்த நாளை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழுவில் ஒருவர், முடிந்தால் டெவலப்பர், காலை முழுக்கக் கவுண்டரின் உள்பக்கம் இருக்கவேண்டும். லப்டொப் வேண்டாம். கொப்பியும் பேனாவும் போதும். யாரையும் திருத்தவும் வேண்டாம், விளங்கப்படுத்தவும் வேண்டாம்.

எங்கள் சிஸ்டம் ஓடத் தொடங்கி ஒரு மாதம். திரையில் எல்லாம் பச்சை. ஆனால் கோடு போட்ட தாளில் எண் இறங்கவில்லை. ஒரு செவ்வாய் நானே போய் இருந்தேன். கவுண்டரில் இருந்த மிஸ் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் சிஸ்டத்தில் பதிந்தார். பதிந்த கையோடு லாச்சியைத் திறந்து, ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து, அதே விபரத்தை மறுபடி எழுதினார். கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் கோடு கீறி, தலைப்பில்லாமல் ஒரு நிரல் வைத்திருந்தார். அதில் ‘மருமகள்’, ‘ஜி.எஸ். கையில்’, ‘பக்கத்து வீட்டுத் தம்பி’ என்று எழுதியிருந்தது. ஜி.எஸ். என்றால் கிராம உத்தியோகத்தர்.

‘இது என்ன மிஸ்?’

‘ஆர் வந்து எடுத்துப் போற எண்டு. உங்கட சிஸ்டத்தில அது இல்லையே. நாளைக்கு ஒராள் வந்து எனக்குக் கிடைக்கல்ல எண்டு நிண்டா நான் என்ன காட்டுறது?’

சரிதானே. நாங்கள் விண்ணப்பதாரர்தான் வந்து வாங்குவார் என்று நினைத்துச் செய்திருந்தோம். வாவி கடந்து வர முடியாத வயதானவருக்காக யாரோ ஒருவர் வருகிறார் என்பது அந்தக் கொப்பியில் இருந்தது, எங்கள் தேவை அறிக்கையில் இல்லை. அன்று பின்னேரமே ‘பெற்றுக்கொண்டவர்’ என்ற நிரலைச் சேர்த்தோம். கொப்பி உடனே நிற்கவில்லை. மூன்று கிழமை இரண்டும் ஓடியது, பிறகு தானாக நின்றது. கொப்பியை நிறுத்துங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பியிருந்தால் அது லாச்சியில் இன்னும் ஆழமாகப் போயிருக்கும், அவ்வளவுதான்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் இந்தக் கொப்பியைத் தேடுங்கள். சில இடத்தில் அது எக்ஸெல், சில இடத்தில் மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகிய துண்டு. அதை வைத்திருப்பவரை வாயார மெச்சுங்கள்; பிடிபட்டவராக உணர விட்டால் மறுமுறை காட்டமாட்டார்.

வெளிப்பக்கமும் ஒருவர் இருக்கட்டும், வாங்கில், வந்தவர்களோடு. அவர்களிடம் ‘இந்தச் சேவை எப்படி’ என்று கேட்காதீர்கள். ‘நல்லம் சேர்’ என்பார்கள். ‘வீட்ட இருந்து எத்தின மணிக்கு வெளிக்கிட்டீங்க? இங்க வர முன்னம் வேற எங்க போனீங்க?’ என்று கேளுங்கள். அப்போதுதான் கதை வரும். அம்மா, ஐயா, ராத்தா, காக்கா என்று ஊர் முறைப்படி கூப்பிட்டுக் கதையுங்கள். கழுத்தில் அட்டையும் கையில் டெப்லெட்டும் இருந்தால் ஏதோ நிவாரணப் பட்டியல் எடுக்கிறார்கள் என்று நினைத்து ஆட்கள் கூடிவிடுவார்கள். எனக்கு அது நடந்திருக்கிறது.

புதன்: பெயரும் இலக்கமும்

புதனைத் தரவுக்கு ஒதுக்குங்கள். வெளியே தெரியாத வேலை, யாரும் கைதட்டமாட்டார்கள், ஆனால் ‘மறுகா வாங்க’வில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

முதல் சிக்கல் பாமினி. பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அவை பார்க்கத் தமிழ். உள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். இப்போதைய பொது எழுத்து முறையான யுனிகோட்டில் பெயரைத் தட்டித் தேடினால் ஒன்றும் வராது, ‘பதிவில் இல்லை’ என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவோம். மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் முழுத் தாளையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். பாமினியில் பெரிய ‘வி’ என்ற ஆங்கில எழுத்து ‘ஏ’ ஆகவும் ‘எக்ஸ்’ ‘ஓ’ ஆகவும் தெரியும். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் இருப்பது இந்த இரண்டில் ஒன்றுதானே. நாங்கள் ஒருமுறை அவசரத்தில் எல்லா நிரலையும் மாற்றிவிட்டு, ஒரு கிராமமே ‘ஏ’யில் முடிகிற அடையாள அட்டையோடு நிற்பதைப் பார்த்தோம். செய்யும் ஒழுங்கு இது: முதலில் மூலக் கோப்பின் பிரதி ஒன்றைப் பூட்டி வையுங்கள், நிரல் நிரலாகப் பிரியுங்கள், ஒவ்வொரு கட்டத்தின் எழுத்துருவையும் பார்த்து, பாமினியில் இருப்பதை மட்டும் மாற்றுங்கள், கடைசியில் அந்த ஊரைத் தெரிந்த ஒருவர் அம்பது பெயரை வாசித்துப் பார்க்கட்டும்.

யுனிகோட்டிலும் குழி உண்டு. ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. சேமிக்கும்போதும் தேடும்போதும் எல்லாவற்றையும் என்.எஃப்.சி. ஒழுங்குக்கு (பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே வடிவாக்கும் யுனிகோட் முறை) மாற்றச் சொல்லி டெவலப்பரிடம் கேளுங்கள், இது தீர்ந்துவிடும். ஆனால் ‘ஸ்ரீ’யை அது தீர்க்காது. அந்த எழுத்தை இரண்டு வேறு மெய்யால் தொடங்கி அடிக்கலாம், இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஸ்ரீகாந்தன்களும் ஸ்ரீதரன்களும் நிறைந்த மாவட்டத்தில் இதைத் தனி விதியாக எழுதித்தான் ஆகவேண்டும். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’வும் அடிப்பதும் இப்படித்தான்.

இரண்டாவது அடையாள அட்டை இலக்கம். 2016 இல் இருந்து புதிய அட்டைகளில் 12 இலக்கம். பழையதில் 9 இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும். ஒரே ஆள் பழைய அட்டையோடு ஒருமுறையும் புதியதோடு ஒருமுறையும் வந்தால் சிஸ்டம் இருவராக எண்ணும். மாற்றுவது லேசு: முன்னால் 19 சேருங்கள், பிறந்த ஆண்டையும் நாளையும் காட்டும் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 நுழையுங்கள், கடைசி எழுத்தை விடுங்கள். நாள் இலக்கம் ஆணுக்கு 1 இல் இருந்து 366 வரை, பெண்ணுக்கு அதோடு 500 கூட்டியது. இதில் பலர் விழுகிற இடம் பெப்ரவரி. அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள்தான். ஆகவே மார்ச் 1 எப்போதும் 61. கணினியின் நாட்காட்டியோ சாதாரண ஆண்டில் 60 என்று எண்ணும். இதைக் கவனிக்காவிட்டால், மார்ச்சில் இருந்து டிசம்பர் வரை சாதாரண ஆண்டுகளில் பிறந்த அத்தனை பேரின் பிறந்த திகதியும் ஒரு நாள் தள்ளிப்போய், பிறப்புச் சான்றிதழோடு பொருந்தாமல் நிற்கும்.

எக்ஸெல் பற்றி ஒரு வரி: அடையாள அட்டை, தொலைபேசி நிரல்களைத் தொடக்கத்திலேயே எழுத்து வகையாக வையுங்கள். இல்லாவிட்டால் தொலைபேசியின் முன் 0 போய்விடும், 12 இலக்கம் சுருங்கி ஏதோ அறிவியல் குறியீடாக நிற்கும்.

மூன்றாவது பெயர். முகம்மது, முகமது, முஹம்மத், மொகமட் எல்லாம் ஒரே தெருவில் இருக்கும். எது சரி என்று நீங்கள் தீர்மானிக்கவேண்டாம்; பிறப்புச் சான்றிதழில் உள்ளதுதான் சரி. தேடல் தளர்வாக இருக்கட்டும், அச்சில் வருவது மட்டும் ஆவணத்தில் உள்ளபடி வரட்டும். ஆங்கில முதலெழுத்தில் இருந்து தமிழ் முதலெழுத்தைத் தானாக உண்டாக்கும் வசதியை யாராவது கொண்டுவந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ஆங்கிலக் ‘கே’ என்பது தமிழில் க, கா, கி, கு, கே எதுவாகவும் இருக்கும்.

அப்புறம் வட்ஸ்அப். கிராம உத்தியோகத்தர்கள் குழுவில் அடையாள அட்டைப் படங்கள் பறக்கும். வேகமான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் பத்துப் பதினைந்து பேரின் போனில் எப்போதைக்கும் கிடக்கும். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மேற்கோள் காட்டி ஒரு கடிதம் அனுப்பினால் யாரும் நிறுத்தமாட்டார்கள். அதைவிடச் சுகமான ஒரு பதிவேற்றும் பொத்தானைக் கொடுத்தால் நிறுத்துவார்கள். நாங்கள் இரண்டையும் செய்தோம், வேலை செய்தது பொத்தான்தான்.

வியாழன்: குறுஞ்செய்தியும் ஒப்பமும்

ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதல் குறுஞ்செய்தி ‘தங்களது விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டுள்ளது என்பதை அறியத்தருகின்றோம்’ என்று போனது. கிராம உத்தியோகத்தர் தன் பக்கத்தை முடித்ததும் போகும்படி வைத்திருந்தோம். எங்களுக்கு அது ஒரு கட்டம் முடிந்தது. கிடைத்தவருக்கு? படுவான்கரையில் இருந்து ஒரு பிள்ளை, கைக்குழந்தையோடு, முதல் பஸ்ஸில் வந்து இறங்கினா. போனை நீட்டி ‘வரச் சொல்லி வந்திரிக்கி’ என்றா. சான்றிதழ் மேலொப்பத்துக்காக இன்னும் மேசையில். ஒப்பம் வைப்பவர் அன்று கூட்டத்தில். கவுண்டரில் இருந்து வழக்கமான அந்த இரண்டு சொல் வந்தது, இந்தமுறை அதற்குக் காரணம் நாங்கள்.

அதன்பிறகு ஒரு விதி: ஆள் எழும்பி வரவேண்டிய நேரத்தில் மட்டும்தான் செய்தி. இப்போது போவது இது: ‘இல. 4127 சான்றிதழ் தயார். அடையாள அட்டையுடன் வரவும். 9 முதல் 3 வரை.’ இதில் ‘அறியத்தருகின்றோம்’ இல்லை, மரியாதை குறையவும் இல்லை.

சுருக்கியதற்கு இன்னொரு காரணம் காசு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துப் பிடிக்கும். தமிழ் போன்ற யுனிகோட் எழுத்துக்கு 70 தான். அதைத் தாண்டி இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘சான்றிதழ்’ நமக்கு 5 எழுத்து, வலையமைப்புக்கு 9. மேலே உள்ள செய்தி இலக்கத்தோடு சேர்த்து 66. பழைய செய்தி இலக்கம் இல்லாமலே 67; இலக்கத்தையும் சேர்த்திருந்தால் இரண்டு செய்தியின் விலை. ஒவ்வொரு செய்தியையும் அனுப்ப முன் இப்படி எண்ணிப் பாருங்கள், கணக்காளர் உங்கள் நண்பராவார்.

போன் ஒருவருடையது என்று நினைக்கவேண்டாம். இலக்கம் மகனுடையதாக இருக்கும், பக்கத்து வீட்டாருடையதாக இருக்கும். ஆகவே சான்றிதழ் எதற்கு என்பதைச் செய்தியில் எழுதாதீர்கள். கணவன் விட்டுப்போனதற்கு வழக்குப் போட ஒரு பெண் எடுக்கும் கடிதம் ஊர் முழுக்கத் தெரியவேண்டியதில்லை.

இனி ஒப்பம். டிஜிட்டல் குழு என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது இலத்திரனியல் கையொப்பம். 2006 இன் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அதற்கு இடம் தருகிறது. காணி விற்பனை, மரண சாசனம், அற்றோணித் தத்துவம் போன்றவை அதற்கு வெளியே. சட்டம் இடம் தந்தாலும், சான்றிதழை வாங்குகிற பாடசாலையும் வங்கியும் நீல மையைத்தான் தேடும். அங்கே ஒருவர் ‘இது செல்லாது’ என்றால் உங்கள் மக்கள் மறுபடி பஸ் ஏறுவார்கள். என் முடிவு: கடைசித் தாளில் மை இருக்கட்டும், அதற்கு முந்திய நடையை மட்டும் டிஜிட்டல் ஆக்குங்கள். சிலர் இதைக் கோழைத்தனம் என்பார்கள். இருக்கட்டும்.

உண்மையில் எங்கள் எண்ணை அதிகம் குறைத்தது மென்பொருளே இல்லை. காலை எட்டே முக்காலில் இருந்து அரை மணித்தியாலம் ‘ஒப்ப நேரம்’ என்று ஒதுக்கச் சொல்லிக் கேட்டோம், கூட்டத்துக்குப் போக முன். சிஸ்டத்தில் இருந்து எந்தெந்தக் கோப்பு எத்தனை நாளாக நிற்கிறது என்ற ஒரு பக்கப் பட்டியலை அச்சிட்டு, கோப்புக் கட்டின் மேலே வைத்தோம். பட்டியலில் யாருடைய பெயரும் இல்லை, நாள் கணக்கு மட்டும். பெயர் போட்டிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும்.

வியாழன் பின்னேரம் பெரும்பாலும் கூட்டம் வரும். தலைநகரில் இருந்து ஒரு புதுத் தளத்தைக் காட்டுவார்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் திரை வரும், ‘தமிழ் பிறகு சேர்க்கலாம்’ என்பார்கள். அதுவும் ஒரு ‘மறுகா’தான். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். கோபப்படாமல், ‘தமிழ்த் திரை வந்த கிழமை நாங்கள் தொடங்குகிறோம்’ என்று கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். அம்பாறையில் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் நுணுக்கம். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கம் எல்லாம் தமிழில் ஓடும், மாவட்டச் செயலகம் இருக்கிற அம்பாறை நகரத்துக்குப் போகிற கடிதம் சிங்களத்திலும் போனால்தான் அதே நாளில் அசையும். குழுவில் இரண்டு மொழியும் எழுதக்கூடிய ஒருவர் அங்கே டெவலப்பரை விட முக்கியம்.

வெள்ளி: அரை நாள் என்று கணக்கு வையுங்கள்

ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் போவார்கள். நடுப்பகல் கூட்டம் வேண்டாம். புதிய பதிப்பையும் வெள்ளியில் ஏற்றாதீர்கள். சனிக்கிழமை எதாவது நின்றுபோனால் சேர்வர் அறைத் திறப்பு யாரிடம் என்று தேடுவதிலேயே ஞாயிறு வந்துவிடும். ஏற்றுவதானால் செவ்வாய் பின்னேரம்.

காலையில் குறிப்பு எழுதுங்கள், அரைப் பக்கம். மாதிரிக்கு எண்களை நானே போட்டு ஒன்று:

‘இரண்டாம் தரம் வந்தவர்கள் 31; போன கிழமை 38. காரணம்: ஒப்பம் 14, பெயர்ப் பிழை 9, வேறு 8. செய்தது: ஸ்ரீ தேடல் திருத்தம். பிழைத்தது: புதன் மின்வெட்டில் இரண்டு மணித்தியாலம் கையால் பதிந்தோம், அதில் மூன்று இன்னும் சிஸ்டத்தில் ஏறவில்லை. தேவை: ஒப்ப நேரத்துக்கு எழுத்து மூல அனுமதி.’

பிழைத்ததை எழுதுவதில் கை தயங்கும். எழுதுங்கள். 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாளை ஒருவர் கேட்டால் அப்படியே கொடுக்கக்கூடியதாக இருக்கட்டும். இதை மேலிடத்துக்கும், கவுண்டருக்கும், கிராம உத்தியோகத்தர்களுக்கும் ஒரே வடிவில் அனுப்புங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு விதமாக எழுதினால் மூன்றாம் கிழமையில் இரண்டும் ஒரே வட்ஸ்அப் குழுவில் சந்திக்கும்.

மிச்ச நேரத்தை இடமாற்றத்துக்குக் கொடுங்கள். எந்த நாளிலும் கடிதம் வரலாம், உங்களுக்கு அல்லது உங்கள் டெவலப்பருக்கு. ஒரு கடித உறை எடுத்து, அதில் கடவுச்சொற்கள் எங்கே பூட்டியிருக்கின்றன, குறுஞ்செய்தி நிறுவனத்தில் யாரோடு கதைப்பது, பிரதி எந்த வட்டில் எடுக்கப்படுகிறது, கடைசியாக எப்போது அதை மீட்டுப் பார்த்தீர்கள் என்பதை ஒவ்வொரு வெள்ளியும் திருத்தி எழுதுங்கள். மின்வெட்டு நேரத்தில் நிரப்பும் கைப்படிவத்தின் இருபது பிரதியையும் உள்ளே வையுங்கள். கவுண்டர் மிஸ்ஸின் பழைய சி.ஆர். கொப்பி எந்த லாச்சியில் இருக்கிறது என்பதையும் கடைசி வரியில் எழுதி, நாலேகாலுக்கு உறையை ஒட்டிப் பிரதம முகாமைத்துவ உத்தியோகத்தரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.